பிறர் வினையைச் சுமக்கும் முகங்கள்

அரசியல் கேலிச்சித்திரம், அதிகாரத்தில் இருப்பவரின் செயலை அவருடைய உருவத்தைக் கொண்டே விமர்சிக்கும் கலையாகும். மூக்கு, மீசை, வயிறு, நடை என்று அவரிடம் இயல்பாக உள்ள ஏதேனும் ஒன்றைப் பெரிதாக்கி, அவர் செய்த காரியத்தின் பொருந்தாமையை வாசகர் ஒரே பார்வையில் உணரும்படி செய்வது அதன் வழியாகும். இக்கலை ஒரு தனிமனிதரை விட்டு ஓர் இனத்தை நோக்கித் திரும்பும்போது அதன் தன்மையே மாறிவிடுகிறது. இலட்சக்கணக்கானோருக்கு ஒரே மூக்கையும் ஒரே பல்வரிசையையும் கொடுத்து, அந்த உறுப்பையே குற்றத்தின் சான்றாக நிறுத்தும் படத்தை இனவார்ப்புரு என்று இங்கு வழங்கலாம். வார்ப்புரு என்பது, ஒரு கூட்டத்தார் அனைவரும் ஒரே அச்சிலிருந்து எடுக்கப்பட்டவர் போலவும், அவர்களில் எவரைப் பார்த்தாலும் எல்லோரையும் அறிந்துவிடலாம் என்பது போலவும் காட்டும் நிலைத்த உருவமாகும். இத்தகைய படங்களைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் வரலாற்றாசிரியருக்கும் ஊடக ஆய்வாளருக்கும் உரியதாகவே இருந்து வந்துள்ளது. ஆயினும் செய்த வினையும் அதற்கான பழியும் யாரைச் சேரும் என்ற பழைய சமயக் கேள்வியே இவற்றின் அடியில் கிடக்கிறது. சைவமும் இஸ்லாமும் பௌத்தமும் அக்கேள்விக்குத் தத்தம் வழியில் விடை கூறியுள்ளன. அம்மூன்று சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும், கிழக்கிலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் அவ்விடைகள் பலமுறை மறக்கப்பட்டும் உள்ளன.

இருவகைப் படங்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஓவியரின் கையில் காண்பதற்கு அமெரிக்காவின் தோமஸ் நாஸ்ட் தக்க எடுத்துக்காட்டு ஆவார். ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் அவர் நியூயோர்க் நகர அரசியலின் பெரும் ஊழல்வாதியான வில்லியம் ட்வீட்டைத் தொடர்ந்து வரைந்தார். சிறையிலிருந்து தப்பி 1876இல் ஸ்பெயினுக்கு ஓடிய ட்வீட், அங்குள்ள அதிகாரிகளால் நாஸ்டின் படத்தைக் கொண்டே அடையாளம் காணப்பட்டுப் பிடிபட்டார் என்று கூறப்படுகிறது. மிகைப்படுத்தப்பட்ட ஓவியம் ஒன்று உலகத்தில் ஒரே ஒரு மனிதரை மட்டும் சுட்டும் அளவுக்குத் துல்லியமாக இருந்தது என்பதே அச்செய்தியின் பொருளாகும். அதே நாஸ்ட் 1871இல் ஐரிஷ் குடியேறியவரைக் குரங்கு முகத்துடன், கையில் மதுப்புட்டியும் தீயும் கொண்டு வெடிமருந்துப் பீப்பாய்மேல் அமர்ந்தவராக வரைந்தார். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் எவரையும் அடையாளம் காண முடியாது; அல்லது எல்லா ஐரிஷ்காரரையும் அடையாளம் கண்டதாக நினைத்துக்கொள்ள முடியும். சீனக் குடியேறியவர்களைக் கும்பலின் வெறியிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அதே ஆண்டில் படம் வரைந்தவரும் அவரே என்பதால், இனவார்ப்புரு தீயவர்களின் கையிலிருந்து மட்டுமே பிறக்கிறது என்று எண்ணி எவரும் ஆறுதல் அடைய இயலாது.

இலண்டனின் பஞ்ச் இதழில் ஜோன் டெனியல் 1882 மே மாதத்தில் வரைந்த படமும் இவ்வகையைச் சேர்ந்தது. டப்ளின் நகரின் பீனிக்ஸ் பூங்காவில் சிறிய இரகசியக் குழு ஒன்று இரண்டு உயர் அதிகாரிகளைக் கொலை செய்த சில நாட்களில், கத்தியேந்திய ஐரிஷ் அரக்கன் ஒருவனை அவர் உருவாக்கிக் காட்டினார். கொலை செய்தவர்கள் ஒரு சிலர். படத்தில் தோன்றிய முகமோ ஒரு நாட்டுக்கு உரியது. ஜெர்மனியில் ஜூலியஸ் ஸ்ட்ரைகர் 1923இல் தொடங்கிய டெர் ஸ்டூர்மர் இதழ் இந்த முறையை அதன் கடைசி எல்லைவரை கொண்டு சென்றது. வளைந்த மூக்கும் தடித்த உதடும் கொண்ட யூத உருவம் வாரந்தோறும் அதில் அச்சாயிற்று. தம் கையால் எவரையும் கொலை செய்யாத ஸ்ட்ரைகர், மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்காக நூரம்பேர்க்கில் தண்டிக்கப்பட்டு 1946 ஒக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். அச்சிட்ட பழியும் கொலையின் ஒரு பகுதியாக இருக்கக்கூடும் என்பதை பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி அதுவாகும்.

இலங்கையில் இவ்வுருவங்கள் தாளில் ஏறுவதற்கு முன்பே பேச்சில் வரையப்பட்டிருந்தன. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து வணிகம் செய்த சோனகர் எனப்படும் முஸ்லிம்களைப் பற்றி, கொள்ளை வட்டிக்காரர், கலப்படக்காரர், ஊரைச் சுரண்டும் அந்நியர் என்ற சித்திரம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கள மறுமலர்ச்சிப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் தீட்டப்பட்டு, ஹம்பயா என்ற இழிபெயரோடு சேர்த்துப் பரப்பப்பட்டது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் வெசாக் ஊர்வலத்தையொட்டி மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவி, ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்படும் அளவுக்குப் பெருகியபோது, தலைமுறை தலைமுறையாக இந்நாட்டிலேயே வாழ்ந்த இலங்கைச் சோனகருக்கும் அண்மையில் வந்த வணிகருக்கும் இடையே கும்பல் வேறுபாடு பார்க்கவில்லை. ஒரு கடைக்காரர் தராசில் செய்த பிழை, பல மைல்களுக்கு அப்பால் இருந்த பள்ளிவாசலின் பிழையாக எண்ணப்பட்டது.

1956ஆம் ஆண்டுத் தேர்தலின்போது சமயமே நேரடியாகக் கேலிச்சித்திரத்தின் மொழியானது. புத்த ஜயந்தி எனப்படும் 2500ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாட நாடு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையை மாரனின் இடத்தில் வைத்து வரைந்த சுவரொட்டி ஒன்று பரவலாக வழங்கியது. மாரன் என்பவன், ஞானம் பெறும் தறுவாயில் இருந்த புத்தரைக் கலைக்கப் படையோடு வந்ததாகப் பௌத்த மரபு கூறும் தீமையின் வடிவமாவான். யானை ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம் ஆகையால், அந்த யானைமேல் ஏறி ஈட்டியைப் புத்தரை நோக்கி ஓங்கியவராகப் பிரதமர் காட்டப்பட்டார். அவரைச் சூழ்ந்து மதுப்புட்டிகளும், மேலைநாட்டு ஆடை அணிந்த ஆட்டக்காரரும், அறுத்த கன்றின் உடலும் வந்தன. வாழ்கின்ற ஒரு மனிதரைத் தீமையின் வடிவமாகவே தீட்டியது மிகையே என்றாலும், அது ஒரு குறிப்பிட்ட மனிதரின் ஆட்சியையும் வாழ்க்கை முறையையும் குறித்த கண்டனமாகவே நின்றது. அவரால் தமக்காகப் பதில் கூற முடிந்தது, வாக்காளராலும் தீர்ப்பளிக்க முடிந்தது. ஆனால் சமயம், நாடு, இனம் ஆகிய மூன்றையும் ஒரே காப்புக்குரிய பொருளாகக் கட்டிய அந்தப் பரப்புரையில், மாரனின் படையில் அடுத்து யார் வரிசையில் நிறுத்தப்படுவார் என்ற கேள்வி திறந்தே விடப்பட்டிருந்தது. அக்கேள்விக்கு 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் 1958இன் கலவரமும் விடை கூறின. 1958இல் வேட்டி கட்டும் முறையையும், காதில் துளை இருந்ததையும், பாலிச் செய்யுளை ஓதத் தெரியாததையும் சான்றாகக் கொண்டு கும்பல்கள் மனிதரைப் பிரித்தெடுத்ததைப் பத்திரிகையாளர் டார்சி விட்டாச்சி தமது நூலில் பதிவு செய்துள்ளார். கேலிச்சித்திரக்காரர் ஓர் இனத்துக்கு அடையாளமாக ஒதுக்கும் சிறு குறிகளையே தெருவில் நின்றவனும் தேடினான் என்பது கவனத்துக்குரியது.

1966 ஜனவரி 8ஆம் திகதி, தமிழ் மொழியின் உபயோகத்துக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் சென்றபோது, டட்லி சேனநாயக்கவின் வயிற்றில் மசாலை வடை இருக்கிறது என்ற கோஷம் ஒலித்தது. சிங்களவரான பிரதமர் தமிழருக்கு இணங்கினார் என்பதைக் காட்ட அவருடைய வயிற்றுக்குள்ளேயே தமிழரின் உணவு ஏற்றப்பட்டது. தமிழர் ஒரு கோரிக்கையோடு வந்த குடிமக்களாக அதில் இடம்பெறவில்லை. செரிக்க முடியாத பண்டமாக இடம்பெற்றனர். தொழிலாளர் அனைவரும் ஒரே வர்க்கம் என்று கற்பித்த இடதுசாரிக் கட்சிகளும் அந்த ஊர்வலத்தில் பங்குகொண்டன என்பது, கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும் ஒரு மலிவான உருவத்தின் முன் எவ்வளவு விரைவாகத் தளர்ந்துவிடும் என்பதற்குச் சான்றாக உள்ளது.

வார்ப்புரு இழிவுபடுத்துவதன் மூலம் மட்டும் வேலை செய்வதில்லை. கொழும்புப் பத்திரிகைகளில் நாட்டின் சாதாரண மனிதராக நின்று ஆட்சியாளரை வியப்போடும் வேதனையோடும் பார்த்த உருவங்களில், ஓப்ரி கொலெட் வரைந்தவர் பெரேரா என்ற பெயரையும், டபிள்யூ. ஆர். விஜேசோம வரைந்தவர் புஞ்சி சிங்ஞோ என்ற பெயரையும் பெற்றிருந்தார்கள். இருவருமே சிறந்த ஓவியர்கள். பறங்கியர் குலத்தில் பிறந்து, 43 குழு எனப்படும் ஓவியர் அமைப்பின் தொடக்க உறுப்பினருள் ஒருவராக இருந்த கொலெட், அரசியல்வாதிகளின் முகங்களை ஒருவரை ஒருவர் ஒவ்வாத தனித்துவத்தோடு வரைந்தவர். இனவெறுப்பு அவர்களுடைய நோக்கமாக இருக்கவில்லை. இருப்பினும் விலைவாசியால் வாடுபவர், பேருந்துக்குக் காத்து நிற்பவர், வாக்களித்து ஏமாறுபவர் என்ற பொதுமனிதரின் இடத்தில் கிழக்குக் கரையின் நிந்தவூர் உழவரோ தம்பிலுவில் ஆசிரியையோ எண்ணிப் பார்க்கப்படவில்லை. அவர்கள் படத்துக்குள் வரும்போது தமிழராகவோ முஸ்லிமாகவோ மட்டுமே வர முடிந்தது. ஒரு சமூகத்துக்கு எப்போதும் அடையாளத்தை மட்டும் கொடுத்து, பொதுமையை மறுப்பது வசையைவிட மென்மையானது என்றாலும் அதனினும் நீண்ட காலம் நிலைக்கக் கூடியது.

சைவ சித்தாந்தம் உயிரையும் உடலையும் தெளிவாகப் பிரித்துப் பேசுகிறது. உயிர் அநாதியானது, ஆணவம் என்ற அறியாமை மலம் அதனை மறைத்துள்ளது, அது செய்யும் வினை கன்மம் எனப்படும், அவ்வினையை நுகர்ந்து தீர்ப்பதற்காக இறைவன் மாயையிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும், அதாவது உடலையும் உட்கருவிகளையும் வாழும் இடத்தையும் நுகர்பொருளையும் படைத்துக் கொடுக்கிறான் என்பது அதன் கொள்கை. இதன்படி வினை உயிரைப் பற்றுகிறது, உடல் கருவியாகிறது. கருவியை வினையின் சொந்தக்காரராக எண்ணுவது தவறு என்பதுபோல், ஒரு மூக்கின் வடிவத்தையோ தோலின் நிறத்தையோ வினையின் சொந்தக்காரராக எண்ணுவதும் தவறாகும். இஸ்லாம் இதனை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது: எந்த ஆன்மாவும் பிறிதோர் ஆன்மாவின் பாவச்சுமையை ஏற்காது என்ற கருத்து குர்ஆனில் அல்-அன்ஆம் உள்ளிட்ட பல அத்தியாயங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது, அல்-ஹுஜுராத் அத்தியாயம் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதை வெளிப்படையாகவே விலக்குவதோடு, மனிதர் பல குலங்களாக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று காரணமும் கூறுகிறது. பௌத்தத்தின் சுத்த நிபாதத்தில் உள்ள வசல சூத்திரம், இழிந்தவர் யார் என்ற கேள்விக்குப் பிறப்பைக் காட்டாமல் செயலைக் காட்டி விடை கூறுகிறது. அடிப்படைகளில் இவ்வளவு மாறுபடும் மூன்று நெறிகள் இந்த ஓரிடத்தில் இணைவது சிறிய செய்தியன்று. இனவார்ப்புருவை விரும்புபவர் இம்மூன்றில் எதையேனும் காப்பதாகக் கூறிக்கொண்டே அதன் மையத்தை மறுக்கிறார்.

இங்கே வினைக்கொள்கைக்கு எதிராக எழக்கூடிய கடுமையான மறுப்பு ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. முற்பிறப்பின் வினையே இப்பிறப்பின் உடலையும் குலத்தையும் தீர்மானிக்கிறது என்று கூறி, சாதியின் இழிவை நியாயப்படுத்தியவர்களும் இதே சித்தாந்தத்தின் பெயரைச் சொன்னவர்களே. உடல் வினையின் பயன் என்றால், உடலைப் பார்த்து வினையைப் படித்துவிடலாம் அல்லவா என்று அவர்கள் வாதிடக்கூடும். இழிகுலம் என்ற கற்பனை அவ்வாறுதான் பல நூற்றாண்டுகளாகக் கோவில் வாசலில் நின்றது. இதற்குச் சித்தாந்தத்தின் உள்ளிருந்தே விடை காண வேண்டும். நுகர்வதற்காக எடுத்துவந்த பிராரத்த வினை வேறு, இப்பிறப்பில் புதிதாகச் செய்யும் ஆகாமிய வினை வேறு. முன்னது எவ்வாறு எவருக்கு வந்து பொருந்துகிறது என்பதை அறிந்து கூட்டுபவன் இறைவன் ஒருவனே, வினையும் தானாக வந்து பொருந்துவதில்லை, உயிரும் தானாக அதனைத் தேடி எடுப்பதில்லை என்று அந்நெறி வலியுறுத்துகிறது. அப்படியானால் மற்றொருவரின் முகத்தைப் பார்த்து அவருடைய வினைக்கணக்கைப் படித்துவிட்டதாகக் கூறுபவர், இறைவனுக்கு மட்டுமே உரிய அறிவைத் தமக்கு உரியதாக்கிக்கொள்கிறார். சித்தாந்தத்தின் சொல்லில் அது ஆணவத்தின் செயலாகும். இவ்விடை சாதியைப் பேணிய பண்டிதர்களுக்கும் எதிராக நிற்கும், நிற்கத்தான் வேண்டும்.

கிழக்குக் கரையின் மக்களமைப்பு இந்தக் கேள்வியை வேறெங்கும் இல்லாத கூர்மையோடு முன்வைக்கிறது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று வடக்கிலிருந்து தெற்காக நீளும் ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறி வாழ்கின்றனர். இருவரும் பேசுவது ஒரே தமிழ். தாய்வழியாகத் தொடரும் குடி என்ற கிளைமுறையும், மணமகன் மணமகள் வீட்டுக்குச் சென்று வாழும் வழக்கமும், வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் சீதன முறையும் இரு சமூகத்துக்கும் பொதுவானவை என்பதை, அக்கரைப்பற்றில் நெடுங்காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே விரிவாக எழுதியுள்ளார். முக்குவருக்கும் திமிலருக்கும் இடையே நடந்த போரில் முக்குவருக்குத் துணைநின்ற பட்டாணியர் அவர்களிடையே பெண்கொண்டு குடியமர்ந்தனர் என்ற ஊர்க்கதையும் இரத்த உறவையே பேசுகிறது. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டதும், அதனை மறுத்து ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அரபு வம்சாவளியை நிறுவ முயன்றதும் அரசியல் உரிமை பற்றிய வழக்குகளே ஆகும். அவ்விருவரில் எவரும் வீதியில் செல்பவரின் முகத்தைச் சுட்டி விடை காட்டியிருக்க இயலாது.

கேலிச்சித்திரத்தை ஆதரிப்போர், ஓவியர் இல்லாத ஒன்றைப் படைப்பதில்லை, உள்ளதை மிகைப்படுத்துகிறார் என்று வழக்கமாகக் கூறுவர். இக்கரையில் அவ்வாதம் நிற்பதற்கு இடமில்லை. கடலில் வலை இழுக்கும் திருக்கோவில் மீனவரையும் கல்முனைக்குடி மீனவரையும் மேலாடையின்றி அருகருகே நிறுத்தினால், பெரிதாக்குவதற்கு உரிய வேறுபாடு எதுவும் அவர்களுடைய உடலில் இல்லை. ஆகவே ஓவியர் ஒருவருக்குத் தொப்பியையும் மற்றவருக்குத் திருநீற்றையும் வெளியிலிருந்து எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. மிகைப்படுத்தல் என்று கருதப்பட்டது உண்மையில் ஏற்றிவைத்தல் என்பதை இந்த எளிய நிலை காட்டிவிடுகிறது. இதை அறிந்த பின் டப்ளினுக்கும் நூரம்பேர்க்குக்கும் திரும்பிப் பார்த்தால், அங்கும் முகத்திலிருந்து வெறுப்புப் பிறக்கவில்லை, வெறுப்பே தனக்கு வேண்டிய முகத்தை வரைந்துகொண்டது என்பது தெளிவாகும்.

தொப்பியைக் குறித்து மேலும் சிறிது கூற வேண்டும். 1905ஆம் ஆண்டு, சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டபோது, கொழும்பு மருதானையில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களுக்கு அத்தொப்பி, தாமே விரும்பி ஏற்ற மரியாதையின் சின்னமாக இருந்தது. அதே தொப்பி தமிழ் அரசியல் பேச்சில், கட்சி மாறும் முஸ்லிம் பிரதிநிதிகளைக் குறித்து, தொப்பி பிரட்டி என்ற வசையாக மாற்றப்பட்டது. பிறகு கட்சி மாறாத, அரசியலிலேயே இல்லாத முஸ்லிம்களையும் அது சுட்டத் தொடங்கியது. பதவிக்காகக் கட்சி மாறிய தமிழ்ப் பிரதிநிதிகளின் பட்டியலும் நீளமானது. ஆனால் அவர்களுடைய செயலுக்குத் தமிழர் எல்லோருடைய தலையிலிருந்தும் எதையும் எடுத்து யாரும் பிரட்டவில்லை. மேலைநாட்டு இதழ்களின் இனவெறியைத் தமிழில் கண்டித்து எழுதுவது எளிது. தென்னிலங்கையின் வடைக் கோஷத்தைக் கண்டிப்பது அதைவிட எளிது. தமிழரே சொல்லிப் பழகிய இந்த வசையை, கல்முனைப் பிரதேச செயலகத்தின் எல்லை பற்றிய வழக்கு சூடேறும்போதெல்லாம் மீண்டும் எழும் இந்த உருவத்தை, அதே அளவுகோலால் அளப்பதில்தான் கண்டனத்தின் நேர்மை தெரியும். 1990இல் இக்கரை இரு சமூகத்தின் பிணங்களையும் சுமந்த பிறகு அளக்காமல் விடுவதற்குக் காரணம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

பிறர் வினையைச் சுமத்தும் இந்தப் பழக்கம் இன்று ஓவியரையும் எதிர்பார்ப்பதில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகம் ஒன்றின் உணவில் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை கலந்திருப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. சிங்களம் சரியாகப் புரியாத நிலையில் மிரட்டப்பட்ட கடைக்காரர் தலையசைத்த காட்சி கைப்பேசிகளில் பரவ, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாக்கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் உறுதிசெய்தது. இரகசியமாகப் பெருகி மற்றவரை அழிக்கும் முஸ்லிம் என்ற வார்ப்புரு முன்கூட்டியே மனங்களில் தீட்டப்பட்டிராவிட்டால், ஒரு மாக்கட்டியை அவ்வாறு காண முடிந்திருக்காது. அதற்கு அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தின் திகனையில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. வீதியில் ஏற்பட்ட தகராறில் நான்கு முஸ்லிம் இளைஞரால் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் திகதி மருத்துவமனையில் இறந்தார். தாக்கியவர்கள் ஏற்கனவே கைது செய்யப்பட்டிருந்தனர். வினை இன்னாருடையது என்று தெரிந்திருந்தும், அதற்குரிய சட்டம் செயல்படத் தொடங்கியிருந்தும், அவர்களை ஒருபோதும் கண்டிராதவர்களின் வீடுகள் எரிக்கப்பட்டன; மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது.

உருவம் வரைவதற்குள்ள உரிமையின் எல்லையைப் பற்றியும் இக்கரையின் சமய மரபுகள் ஆழ்ந்து சிந்தித்துள்ளன. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் பெயர்பெற்ற திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோவிலைக் கடந்து, பொத்துவில், உகந்தை வழியாகக் காட்டுப்பாதையில் பாதயாத்திரை செல்லும் அடியார்கள் இறுதியில் அடையும் கதிர்காமத்தில், தெய்வத்தின் திருமுகம் காட்டப்படுவதில்லை. கருவறையின் முன் தொங்கும் திரைச்சீலையில் முருகனும் தேவியரும் தீட்டப்பட்டிருக்க, திரைக்கு அப்பால் உள்ளதை அடியார் எவரும் காண்பதில்லை. எண்ணற்ற திருவுருவங்களைச் செதுக்கிய சைவமே, உருவம் முழுமையைப் பிடித்துவிட்டதாக எண்ணக் கூடாது என்பதை அங்கு வழிபாடாகவே வைத்துள்ளது. இஸ்லாமிய மரபில் உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றிய தயக்கம் இன்னும் கண்டிப்பானது: தாம் படைத்த உருவத்துக்கு உயிர் கொடுக்குமாறு மறுமையில் ஓவியரிடம் கேட்கப்படும் என்ற கருத்து நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. ஓவியக் கலை முழுவதையும் அதனால் விலக்க வேண்டுமா என்பதில் அறிஞரிடையே நெடிய கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இனவார்ப்புருவைப் பொறுத்தவரை அக்கேள்வி மறுமைவரை காத்திருப்பதில்லை. தாளில் வரையப்பட்ட அரக்கனுக்குக் கும்பல் இம்மையிலேயே உயிர் கொடுத்து, வீதியில் செல்லும் ஒருவரின் உடலில் அவனைக் கண்டுகொள்கிறது.

டென்மார்க்கின் யூலண்ட்ஸ்-போஸ்டன் பத்திரிகை 2005 செப்டெம்பர் 30ஆம் திகதி வெளியிட்ட 12 படங்களைப் பற்றிய விவாதம், இருவேறு கேள்விகளைக் கலந்துவிட்டதால் பெரிதும் குழம்பியது. நபியின் உருவத்தை வரையலாமா என்பது நம்பிக்கையாளரின் கேள்வி; அதை ஏற்காதவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தலைப்பாகைக்குள் வெடிகுண்டை வைத்து வரைந்தது, அந்நம்பிக்கையைக் கொண்ட எல்லோரும் கொலைக்கு ஆயத்தமானவர் என்று சுட்டுகிறதா என்பது மற்றொரு கேள்வி. இதனைச் சைவரும் பௌத்தரும் கடவுளை நம்பாதவரும் ஒரே உரிமையோடு கேட்கலாம். பாரிஸில் 2015 ஜனவரி 7ஆம் திகதி ஷார்லி எப்டோ என்ற அங்கத இதழின் அலுவலகத்தைத் தாக்கி 12 பேரைக் கொன்றவர்கள், ஒரு படத்தின் பழியை அதனை வரையாதவர்மேலும் ஏற்றிக் கொலை செய்தனர். அவர்கள் செய்த கொலையின் பழியோ உலகெங்கும் அதனை வெறுத்த முஸ்லிம்கள்மேல் ஏற்றப்பட்டது.

இவ்வளவு கூறியதால் எள்ளலையே விலக்க வேண்டும் என்று பொருள்கொள்ளக் கூடாது. தொல்காப்பியம் நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலையும் ஒன்றாக வைத்துள்ளது. தான் பிறரை எள்ளுவதோடு, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தானும் நகுவதை அதனுள் சேர்த்து உரை கண்டவர் பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர். எள்ளப்பட்டவரும் உடன் சிரிக்க இடம் இருக்கும்வரை எள்ளல் மனிதரைப் பிரிப்பதில்லை. சுந்தர் என்ற பெயரில் வரைந்த சி. சிவஞானசுந்தரத்தின் சவாரித்தம்பர் என்ற பாத்திரத்தையும், 1960களில் அவர் தொடங்கிய சிரித்திரன் இதழின் பாத்திரங்களையும் யாழ்ப்பாணத்தார் விரும்பிப் படித்தனர். அவர்களுடைய போலிக் கௌரவமும் சீதனப் பேராசையுமே அங்கு கேலிக்கு உள்ளாயின, கேலி செய்தவரும் அவர்களுள் ஒருவராக இருந்தார். அவ்வுருவங்களும் ஒருவகை வார்ப்புருக்களே என்றாலும், அவை தம்மைத் திருத்திக்கொள்ளுமாறு வாசகரிடம் கேட்டன. தம்மவர் அல்லாதவரைக் காட்டி அஞ்சுமாறு கேட்கவில்லை. மலையகத் தமிழரைப் பற்றி யாழ்ப்பாணத்தில் வழங்கிய ஏளனங்களுக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது.

ஆட்சியாளரை எள்ளியவர்கள் இலங்கையில் அதற்குரிய விலையைக் கொடுத்துள்ளனர். ஓவியரும் பத்திரிகையாளருமான பிரகீத் எக்னலிகொட, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாட்களுக்கு முன், 2010 ஜனவரி 24ஆம் திகதி காணாமலாக்கப்பட்டார். பொதுவுடைமைக் கட்சியின் சிங்கள நாளிதழான அத்தவில் பல ஆண்டுகள் வரைந்த ஜிஃப்ரி யூனூஸ், ஜனாதிபதி பிரேமதாசவின் ஆட்சிக் காலத்தில் தமது படங்களுக்காகத் தாக்கப்பட்டார். முஸ்லிம் ஒருவர் சிங்கள வாசகருக்காகச் சிங்கள ஆட்சியாளரை வரைந்தார்; அந்தப் படங்களில் தாம் செய்தவற்றுக்காக அமைச்சர்களும் ஜனாதிபதியும் பொறுப்பாக்கப்பட்டனரேயன்றி, அவர்களுடைய இனம் பொறுப்பாக்கப்படவில்லை. படத்தின் மூலையில் இருந்த கையொப்பம் எந்தச் சமூகத்துக்குரியது என்பது வாசகருக்குத் தெரிந்தே இருந்தது. அதனைப் பொருட்படுத்தாமல் அவர்கள் அந்தப் பத்திரிகையை நாள்தோறும் வாங்கினார்கள்.